சாம்பர் ஏரி: எந்த மாதம் போகிறீர்கள்?

“சாம்பார் ஊருக்கா போறேள்?” என்று மைசூர் விஜயநகரில் எதிர்வீட்டு மாமி கேட்டார். டிக்கெட்டைக் காட்டிய பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஊர்ப் பெயர் சாம்பர்தான். ‘பா’ என்று இழுக்காமல் ‘ப’வில் நிறுத்திச் சொல்ல வேண்டும். ராஜஸ்தானில், ஜெய்ப்பூருக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டரில் இருக்கிறது. இந்தியாவில் கடலோடு தொடர்பில்லாமல் உள்நாட்டில் கிடக்கும் உப்பு ஏரிகளில் இதுவே பெரியது. நீளம் 35 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அகலம் இடத்துக்கு இடம் 3 முதல் 11 கிலோமீட்டர் வரை. ஆழம்தான் ஏமாற்றும். நல்ல மழைக்குப் பிறகும் 3 மீட்டர் அளவுதான், கோடையில் முழங்காலுக்கு வந்தால் அதிகம்.

உப்புப் பாலை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் குஜராத்தின் கட்ச் பகுதிக்குப் போகிறார்கள். வெள்ளை ரண், கூடார நகரம், திருவிழா, ஒட்டகச் சவாரி என்று எல்லாம் அங்கே ஏற்பாடாகவே கிடைக்கும். வெள்ளை மட்டும் போதுமென்றால் கட்ச் போங்கள். வெள்ளையோடு இளஞ்சிவப்பும் செங்கல் நிறமும் பாசிப்பச்சையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் வேண்டுமென்றால் சாம்பர். மைசூர்க்காரருக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு: நம் ரயில் நிலையத்திலிருந்தே ஜெய்ப்பூருக்கும் அஜ்மீருக்கும் நேர் வண்டி இருக்கிறது.

வருஷத்தில் மூன்று ஏரி

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு மூடப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். சாம்பரில் ஏமாந்து திரும்பியவர்கள் பலரும் ஒரு மாதத்துப் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு மாதத்தில் போனவர்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை மழை. மேந்தா, ரூபன்கட் என்ற இரண்டு ஆறுகள் அந்த மாதங்களில் மட்டும் உயிர் பெற்று ஏரிக்குள் வந்து விழும். வெளியேற வழி கிடையாது. அக்டோபரில் போனால் நீங்கள் பார்ப்பது ஒரு பெரிய சாம்பல் நிறத் தண்ணீர்ப் பரப்பு. உப்பும் இல்லை, நிறமும் இல்லை.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைகளின் ஏரி. பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். விடியற்காலை குளிர் 5 டிகிரி அளவுக்கு இறங்கலாம். மைசூர் டிசம்பரை நினைத்துக்கொண்டு ஒரு மெல்லிய ஸ்வெட்டரோடு போகாதீர்கள்.

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் பாதி வரை நிறங்களின் ஏரி. தண்ணீர் சுண்டச் சுண்டப் பாத்திகள் சிவக்கும், உப்பு வாரும் வேலை சூடு பிடிக்கும். அதன் பிறகு மே, ஜூனில் கண்ணுக்கு எட்டிய தூரம் வெடித்த வெள்ளைத் தரை. அது அழகுதான். ஆனால் வெயில் 45 டிகிரியைத் தொடும். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் அந்த மாதங்களில் போக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

என் தேர்வு பிப்ரவரி கடைசி வாரம். மிச்சமிருக்கும் பூநாரைகளும் கண்ணில் படும், நிறமும் ஏற ஆரம்பித்திருக்கும், காலை பத்து மணி வரை வெயில் பொறுக்கும்படி இருக்கும்.

போகும் வழி

மைசூரிலிருந்து 12975 ஜெய்ப்பூர் அதிவிரைவு வண்டி, 16210 அஜ்மீர் விரைவு வண்டி இரண்டும் வாரம் இருமுறை. கிழமைகளை முன்பதிவின்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது போபால் வழியாகவும் இரண்டாவது ஹூப்ளி, புனே, அகமதாபாத் வழியாகவும் போகும். எதில் ஏறினாலும் இரண்டு இரவு ரயிலில்தான். அஜ்மீர் வண்டியில் தர்காவுக்குப் போகும் குடும்பங்கள் நிறைய ஏறும். அடுக்குப் பாத்திரங்களோடு வருவார்கள், பக்கத்து இருக்கைக்காரரைப் பசியோடு இருக்க விடமாட்டார்கள். நேரம் குறைவானவர்கள் பெங்களூரிலிருந்து ஜெய்ப்பூருக்கு விமானத்தில் போகலாம், இரண்டரை மணி நேரம்.

ஜெய்ப்பூரானாலும் அஜ்மீரானாலும் அடுத்து இறங்க வேண்டியது புலேரா சந்திப்பு. இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட பாதையில் இருக்கிறது. அங்கிருந்து சாம்பர் பத்து கிலோமீட்டருக்குள். ஜோத்பூர்ப் பக்கம் போகும் வண்டி என்றால் ‘சாம்பர் லேக்’ என்ற நிலையத்திலேயே இறங்கலாம். இல்லாவிட்டால் புலேராவில் ஆட்டோ. ஜெய்ப்பூரிலிருந்து வாடகைக் கார் எடுத்தால் இரண்டு மணி நேரம்.

ஜெய்ப்பூரில் தங்கி ஒரே நாளில் போய்வரலாம் என்று பயண முகவர்கள் சொல்வார்கள். முடியும்தான். ஆனால் நீங்கள் ஏரிக்கரையைத் தொடும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். அந்த வெளிச்சத்தில் எல்லா நிறமும் வெளுத்துப்போய், கண் கூசி, அரை மணியில் காருக்குத் திரும்பிவிடுவீர்கள். ஒரு இரவாவது சாம்பரில் தங்குங்கள். ஊருக்குள் தர்மசாலைகளும் எளிய விடுதிகளும் உண்டு. ஏரிப் பக்கம் கூடார விடுதிகளும் உப்பளத்தின் பழைய பங்களா அறைகளும் கிடைக்கும். பருவத்தில் விலை ஏறும் என்பதால் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்வது நல்லது.

அணைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

ஏரியின் குறுக்கே 5 கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளத்தில் ஒரு கல் அணை போகிறது. ஒரு முனையில் ஜாபோக் கிராமம், மறு முனையில் குடா. ஏரியைப் புரிந்துகொள்ள இந்த அணை மேல் நிற்பதுதான் சரியான வழி. மேற்கே இயற்கையான ஏரி, திறந்த வெளி. கிழக்கே சுமார் 80 சதுர கிலோமீட்டருக்குத் தேக்கங்கள், வாய்க்கால்கள், வரப்புக் கட்டிய பாத்திகள். மேற்கில் உப்புநீர் போதிய அளவு கெட்டிப்பட்டதும் மதகைத் தூக்கிக் கிழக்கே விடுகிறார்கள். அங்கே தேக்கம் விட்டுத் தேக்கம் நகர்ந்து கடைசியில் பாத்திக்கு வருகிறது. இந்தப் பாத்திகளுக்கு அங்கே ‘கியார்’ என்று பெயர். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளம் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதைதான். கடல் மட்டும்தான் இல்லை.

கெட்டியை அளக்கும் கணக்கும் ஒன்றே. கண்ணாடிக் குழாய் மிதவை ஒன்றை நீரில் விட்டு ‘டிகிரி’ பார்ப்பார்கள். கடல்நீர் மூன்றரை டிகிரி இருக்கும். 25 டிகிரியைத் தாண்டும்போது உப்பு படியத் தொடங்கும். நிறம் வருவதும் இந்த ஏற்றத்தில்தான். நீர் மெலிந்திருக்கும்வரை சாதாரணப் பாசிகள் வாழும், பச்சை தெரியும். உப்பு ஏறியதும் அவை மடிந்துபோகும். டுனாலியெல்லா என்ற ஒரு நுண்பாசி மட்டும் தாக்குப்பிடித்து, வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள உடம்பில் பீட்டா கரோட்டினைச் சேர்த்துக்கொள்ளும். கேரட்டுக்கு நிறம் தருவதும் அதே பொருள். நீர் ஆரஞ்சாகும். அதற்கும் மேலே கெட்டியானால் உப்பிலேயே வாழும் நுண்ணுயிர்கள் பெருகி ரோஜாச் சிவப்பாக்கும். ஆக, இரண்டு பாத்திகள் இரண்டு நிறத்தில் இருந்தால் இரண்டும் வேலையின் இரண்டு கட்டத்தில் இருக்கின்றன என்று பொருள். சிவந்த பாத்தி அறுவடைக்கு நெருங்கிய பாத்தி. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் வரப்பில் நடக்கும்போது வயல் பார்ப்பது போலவே இருக்கும்.

நான் நின்ற வரப்புக்குக் கீழே ஒரு பாத்தியில் இரண்டு பேர் வாரிக்கொண்டிருந்தார்கள். நீண்ட கழி முனையில் பலகை. அதை நீருக்கடியில் தள்ளி இழுக்கும்போது கண்ணாடி நொறுங்குவது மாதிரி ஒரு சத்தம். சிவந்த நீரிலிருந்து மேலே வருவது சிவப்பு உப்பு இல்லை, அழுக்கு வெள்ளை. கரையில் குவித்து நீர் வடிந்ததும் வெளுக்கிறது. பெரியவர் ஒருவர் ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கல்லுப்பு என்று நாம் சொல்வது எவ்வளவு பொருத்தம். ஒவ்வொன்றும் நேர்கோட்டு விளிம்புள்ள சிறு பெட்டி. அவர் தம் குதிகாலைக் காட்டினார். விரல் நுழையும் வெடிப்புகள். “உப்பு விடாது” என்று சிரித்தபடி இந்தியில் சொல்லிவிட்டு மறுபடி பலகையைத் தள்ளினார்.

இதனால்தான் சொல்கிறேன்: பாத்திகள் காட்சிப் பொருள் இல்லை, வேலை நடக்கும் இடம். கிழக்குப் பகுதியின் பெரும்பங்கு சாம்பர் சால்ட்ஸ் என்ற அரசு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. 1964 முதல் நடக்கிறது. வாயிலில் அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். படியத் தொடங்கிய பாத்திக்குள் போட்டோவுக்காகக் கால் வைக்காதீர்கள், கலங்கிய பாத்தியால் அவர்களுக்கு நஷ்டம். உப்பு சுமக்க ஆங்கிலேயர் காலத்தில் போட்ட சிறு ரயில் பாதை இன்னும் இருக்கிறது. சில சமயம் அதில் பயணிகளையும் ஏற்றிச் செல்வதுண்டு, கேட்டுப் பார்க்கலாம்.

வெள்ளைத் தரையை நம்பாதீர்கள்

மேற்குப் பக்கம் காய்ந்த ஏரிப் படுகை தார்ச்சாலை போல இறுகித் தெரியும். நாங்கள் அமர்த்திய கார் ஓட்டுநர் “ஒன்றும் ஆகாது” என்று படுகைக்குள் இறக்கினார். இருநூறு மீட்டர் போயிருப்போம், மேலே இருந்த உப்பு ஓடு அப்பளம் போல நொறுங்கிப் பின்சக்கரம் கருஞ்சேற்றில் அச்சு வரை புதைந்தது. நாற்றம் சாக்கடைக்குச் சளைத்ததில்லை. ஜாபோக்கிலிருந்து டிராக்டர் வந்து இழுக்க மூன்று மணி நேரமானது. சூரிய அஸ்தமனத்தை அருமையாகப் பார்த்தோம் என்பது வேறு விஷயம். ஏற்கெனவே சக்கரத்தடம் உள்ள பாதையில் மட்டும் வண்டி போகட்டும். தடம் முடியும் இடத்தில் இறங்கி நடந்துவிடுங்கள்.

நடக்கும்போது பழைய கான்வாஸ் ஷூ போட்டுக்கொள்ளுங்கள், திரும்பியதும் அதை மறந்துவிடலாம். வெறுங்கால் வேண்டாம். உப்பின் விளிம்பு பாதத்தைக் கீறும், கீறிய இடத்தில் அதே உப்பு ஏறும்போது தெரியும். தேங்காய் எண்ணெயோ வாசலினோ காலில் தடவிக்கொண்டு இறங்கினால் எரிச்சல் குறையும். கறுப்புக் கண்ணாடி அவசியம், தரையிலிருந்து திரும்பும் வெயில் தொப்பிக்குக் கீழிருந்து வரும். நிலத்தடி நீர் உவர்ப்பு என்பதால் குடிநீர் ஆளுக்கு மூன்று லிட்டராவது கையில் இருக்கட்டும். கேமராவையும் செல்போனையும் அன்றிரவே ஈரத்துணியால் துடைத்துக் காய வையுங்கள்.

பூநாரை, ஓர் எச்சரிக்கை

சர்வதேச முக்கியத்துவமுள்ள நீர்நிலையாக, ராம்சர் தலமாக, 1990-இல் சாம்பர் அறிவிக்கப்பட்டது. பூநாரையின் இளஞ்சிவப்பும் பாத்தியின் சிவப்பும் உறவுக்காரர்கள்தான். பாசியிலும் சிறு உயிர்களிலும் உள்ள அதே வகை நிறப்பொருளைத் தின்றுதான் இறகு சிவக்கிறது. 2019 நவம்பரில் இதே ஏரியில் 18,000-க்கும் மேற்பட்ட பறவைகள் செத்து விழுந்தன. பொட்டுலிசம் என்ற நச்சுநோய் என்று கண்டறிந்தார்கள். இறந்த உடலில் பெருகும் புழுக்களைத் தின்று அடுத்த பறவை சாகும், அப்படியே தொடரும். ஆகவே, கரையில் செத்த பறவை கண்டால் தொடாமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பறக்க வைத்துப் படம் எடுப்பதற்காகக் கை தட்டும் கூட்டம் ஒன்று எப்போதும் இருக்கும், அதில் சேராதீர்கள். ஒரு தொலைநோக்கி இருந்தால் அணை மேலிருந்தே போதும்.

ஊரும் உப்பின் வரலாறும்

சாம்பருக்குப் பழைய பெயர் சாகம்பரி. சவுகான் அரசர்கள் அஜ்மீருக்குப் போவதற்கு முன் இருந்த தலைநகரம். ஏரியை ஒட்டிய பாறைக்குன்றில் சாகம்பரி தேவி கோயில் இருக்கிறது, மாலை நேரத்துக்கு ஏற்ற இடம். தேவி மனமிரங்கிக் காட்டை வெள்ளி வயலாக்கினாளாம். வெள்ளிக்காக வெட்டிக்கொள்வோமே என்று ஊர்க்காரர்கள் அஞ்சிக் கும்பிட, வெள்ளியை உப்பாக்கிக் கொடுத்தாளாம். ஊருக்குள் தேவயானி குளம் ஒன்று உண்டு, சுக்கிராச்சாரியார் மகள் பெயரில். அக்பர் ஆமேர் அரசர் பார்மலின் மகளை 1562-இல் மணந்ததும் இந்த ஊரில்தான். ‘பிகே’ படத்தில் ஆமிர் கான் வந்து இறங்கும் வெட்டவெளியும் இங்கே படமாக்கியதுதான். உள்ளூர் ஓட்டுநர்கள் அக்பரை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

உப்பு எங்கிருந்து வந்தது என்பதில் அறிவியலாளர்களுக்குள் பெரிய வாதம் நடந்தது. கட்ச் ரண்ணிலிருந்து கோடைக் காற்று உப்புத்தூளை அள்ளி வந்து இங்கே கொட்டுகிறது என்று ஹாலண்டும் கிறிஸ்டியும் 1909-இல் சொன்னார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் சுற்றுவட்டாரப் பாறைகள் கரைந்து ஆறுகள் கொண்டுவந்ததாகவே அதிகம் சாய்கின்றன.

ஜெய்ப்பூர், ஜோத்பூர் இரண்டு சமஸ்தானங்களுக்கும் ஏரி கூட்டுச் சொத்தாக இருந்தது. 1870 வாக்கில் ஆங்கிலேயர் அதைக் குத்தகைக்கு எடுத்தார்கள். பேச்சுவார்த்தை நடத்திய சுங்க அதிகாரி யார் தெரியுமா? பின்னாளில் காங்கிரஸைத் தொடங்கிய ஆலன் ஆக்டேவியன் ஹியூம். உப்பு கடத்தலைத் தடுக்க நாட்டின் குறுக்கே முள்வேலி வளர்த்துக் காவல் போட்ட துறைக்கு அவர் தலைவர். பறவைப் பைத்தியமும்கூட. உப்பு விளையும் ஏரியே கைக்கு வந்துவிட்ட பிறகு வேலிக்கு அவ்வளவு தேவை இருக்கவில்லை. 1879-இல் அந்த எல்லைக் காவலைக் கைவிட்டார்கள்.

அதற்கும் முன்னால் இந்த உப்பை நாடெங்கும் கொண்டுபோனவர்கள் பஞ்சாராக்கள், எருதுக் கூட்டங்களின் முதுகில். நம் பக்கத்தில் உமணர்கள் வண்டி கட்டிப்போய் நெல்லுக்கு உப்பு விற்றது போல. கர்நாடகத்தில் நாம் லம்பாணி என்று அழைக்கும் மக்களும் இந்தப் பஞ்சாராக்களின் உறவுதான். அந்தப் பெயரே லவணம் என்ற உப்புச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்வோரும் உண்டு.

பேச்சும் சாப்பாடும்

இந்தி அரைகுறையாக இருந்தாலும் போதும். “ராம் ராம் சா” என்று ஆரம்பியுங்கள். பெயருக்குப் பின்னால் வரும் அந்த ‘சா’ மரியாதைச் சொல், நம் ‘ங்க’ போல. கிராமத்துக்குள் பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டால் கேமராவைத் தாழ்த்திவிடுங்கள். ஜாபோக்கில் திண்ணையில் உட்காரச் சொன்னால் உட்காருங்கள். டீ வரும், பால் கெட்டியாக.

அரிசிச் சோறு தேடி அலைய வேண்டாம். கம்பு ரொட்டி, பூண்டுச் சட்னி, மோர் மூன்றும் இருந்தால் வெயிலுக்கு அதைவிட நல்ல உணவில்லை. கேர் சாங்ரி என்று பாலைக் காய்களில் செய்யும் கறி கிடைத்தால் விடாதீர்கள், நம் சுண்டைக்காய் வற்றல் பிரியர்களுக்குப் பிடிக்கும். குளிர்காலத்தில் சாம்பரின் பெருமை ஃபீணி. நூல் நூலாக இழுத்து நெய்யில் பொரித்த இனிப்பு. மைசூர்க் கல்யாணங்களில் பாதாம் பால் ஊற்றிப் பரிமாறும் சிரோட்டிக்கு நெருங்கிய சொந்தம். இரண்டு டப்பா வாங்கினால் ஒன்றுதான் விஜயநகர் வரை வந்து சேரும்.

பாத்தி உப்பை நினைவுக்காகக் கொஞ்சம் எடுத்து வரத் தோன்றும். வேலை செய்பவரிடம் கேட்டு வாங்குங்கள், ஒரு பிடி தருவார்கள். கழுவாத, அயோடின் சேர்க்காத உப்பு அது. அலமாரியில் வைத்துப் பாருங்கள், சமையலுக்குப் போடாதீர்கள். மூடி இறுக்கமான கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள், நம் ஊர் ஜூலை ஈரத்தில் நீர் விட்டுவிடும்.